ஆகஸ்ட் 15 கொரியர்களின் நாளா? கொண்டாட வேண்டியது மார்ச் 1 இல்லையா?

வைகைக்கரையான்:
தென்கொரியாவில் ஆகஸ்ட் 15 தேசிய விடுமுறை, 'குவாங்போக்ஜொல்'. 1910-இல் தொடங்கிய ஜப்பானிய ஆட்சி 35 ஆண்டுகள் கழித்து 1945-இல் முடிந்த நாள். எனக்கு அந்தத் தேதியின் மீதே வருத்தம் உண்டு. அன்று நண்பகலில் ஜப்பானியப் பேரரசர் ஹிரோஹிட்டோ வானொலியில் சரணடைவை அறிவித்தார். கொரிய மக்களுக்கு விஷயம் தெரிந்ததே அப்படித்தான். குண்டு போட்டது அமெரிக்கா, வடக்கே நுழைந்தது சோவியத் படை. சியோலில் தலைமை ஆளுநர் மாளிகையின் முன் ஜப்பானியக் கொடி செப்டம்பர் 9 வரை பறந்தது. அன்று அதை இறக்கிவிட்டு ஏற்றியதும் கொரியக் கொடி அல்ல, அமெரிக்கக் கொடி.

1919 மார்ச் 1 அப்படியா? தாப்கொல் பூங்காவில் விடுதலை அறிக்கையை வாசித்துவிட்டு, கையில் ஆயுதமே இல்லாமல் தெருவில் இறங்கினார்கள். ஊர் ஊராகப் பரவியது. யு குவான்-சுன் என்ற பள்ளி மாணவி சந்தையில் கூட்டம் திரட்டிப் பிடிபட்டு, 1920-இல் 17 வயதில் சிறையிலேயே இறந்தாள். பெரிய விழாவுக்கு உரிய நாள் அதுதான் என்பது என் வாதம். மறுப்பவர்கள் வரலாம்.

சுவோன் தமிழன்:
அண்ணா, மார்ச் 1-உம் இங்கே விடுமுறைதான். 1949-இல் வந்த தேசிய விழாக்கள் சட்டத்திலேயே இரண்டும் இருக்கின்றன. ஒன்றைப் பிடிக்க இன்னொன்றை விட வேண்டியதில்லை.

கொரியர்கள் கைகட்டி வானொலி கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்ற தொனியை என்னால் ஏற்க முடியவில்லை. நாடு கடந்த கொரிய அரசு 1940-இல் சோங்சிங்கில் விடுதலைப் படை ஒன்றை அமைத்தது. அதன் வீரர்கள் சீனாவின் சியான் பக்கம் அமெரிக்க உளவுத்துறையிடம் பயிற்சி முடித்து, கொரியாவுக்குள் ஊடுருவத் தயாராக நின்ற நேரத்தில் ஜப்பான் சரணடைந்துவிட்டது. அந்த அரசின் தலைவர் கிம் குவுக்குச் செய்தி வந்தபோது மகிழ்ச்சியைவிட வேதனைதான் மிஞ்சியது. நாம் களத்தில் இறங்குமுன்னே போர் முடிந்துவிட்டதே, நாளைக்குப் பேச்சுவார்த்தை மேசையில் நம் குரல் எடுபடுமா என்ற கவலை.

அதே படையிலிருந்து ஒரு சிறு குழு 1943-இல் இந்தியாவுக்கு வந்ததும் பலருக்குத் தெரியாது. டெல்லியில் பயிற்சி, பிறகு இம்பால் முனை. ஒலிபெருக்கியில் ஜப்பானிய மொழியில் பேசி எதிரிகளைச் சரணடையச் சொல்வது, பிடிபட்டவர்களை விசாரிப்பது, கைப்பற்றிய காகிதங்களைப் படித்துச் சொல்வது, இவைதான் அவர்கள் வேலை.

பழைய வாத்தியார்:
தம்பி சொன்ன இம்பால் செய்தியைக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். நேதாஜியின் இந்திய தேசிய இராணுவம் ஜப்பானோடு சேர்ந்து வந்த அதே போர்முனை. அங்கே கொரியர் பிரிட்டிஷ் பக்கம். இருவருக்கும் வேண்டியது தாய்நாட்டு விடுதலை ஒன்றுதான், அடிமைப்படுத்தியவன் வேறு வேறு. 38 வருடம் வரலாறு நடத்தியவன் நான். இதைப் பாடத்தில் சேர்க்க ஒரு வரி இடம்கூட இருந்ததில்லை என்பது எனக்கு மனக்குறை.

வைகைக்கரையான்:
அவர்கள் தியாகத்தை நான் குறைத்துப் பேசவில்லை, தம்பி. ஆனால் தயாராக இருந்தது வேறு, தாங்களே விடுவித்தது வேறு. கிம் கு அஞ்சியதுதானே நடந்தது? சரணடைவுக்குச் சில நாள் முன்பு வாஷிங்டனில் ரஸ்க், போன்ஸ்டீல் என்ற இரண்டு அமெரிக்க அதிகாரிகள் இரவோடு இரவாக ஒரு வரைபடத்தைப் பார்த்து 38-ஆம் இணைகோட்டைப் பிடித்தார்கள். வடக்கே சோவியத், தெற்கே அமெரிக்கா. ஒரு கொரியனிடமும் கேட்கவில்லை. அந்தக் கோடுதான் 1950-இல் போராக வெடித்தது. விடுதலையும் பிளவும் ஒரே வாரத்தில் வந்த தேதிக்கு எப்படிப் பட்டாசு வெடிக்க முடியும்?

திருச்சி நிலா:
அண்ணா, நீங்கள் வாஷிங்டனையும் டோக்கியோவையும் பார்க்கிறீர்கள். சியோல் தெருவைப் பாருங்கள்.

ஆகஸ்ட் 15 விடியற்காலையிலேயே ஆளுநரின் அடுத்த நிலை அதிகாரி, யோ உன்-ஹ்யோங் என்ற தலைவரை அழைத்து ஒழுங்கைக் காக்க உதவி கேட்டார். யோ நிபந்தனை போட்டார்: அரசியல் கைதிகளை உடனே விடு, தலைநகருக்கு மூன்று மாத உணவை உறுதிசெய், நாங்கள் செய்யும் வேலையில் தலையிடாதே. மறுநாள் சோதேமுன் சிறைக் கதவுகள் திறந்தன. யோ தொடங்கிய நாடமைப்பு ஆயத்தக் குழுவுக்கு ஆகஸ்ட் முடிவதற்குள் ஊர்களில் 145 கிளைக் குழுக்கள் எழுந்துவிட்டன. அமெரிக்கர்கள் இன்சோனில் கரையேறியது செப்டம்பர் 8-ஆம் தேதிதான். இடையில் இருந்த அந்த மூன்று வாரமும் கொரியர் கையில் இருந்தது.

அடுத்தது எனக்கு மிக நெருக்கமான விஷயம், மொழி. 1938-இல் பள்ளிகளில் கொரிய மொழி கட்டாயப் பாடம் என்ற நிலை போனது, பிறகு பாடமே காணாமல் போனது. 1940-இல் குடும்பப் பெயரையே ஜப்பானிய முறைக்கு மாற்றச் சொன்னார்கள். அகராதி தொகுத்துக்கொண்டிருந்த கொரிய மொழிச் சங்கத்தாரை 1942-இல் கைது செய்தார்கள். சித்திரவதையில் இரண்டு அறிஞர்கள் சிறையிலேயே இறந்தார்கள். கையெழுத்துப் படியை வழக்குச் சான்றாக எடுத்துப் போனார்கள், அது எங்கே போனது என்று யாருக்கும் தெரியவில்லை. விடுதலைக்குப் பிறகு சியோல் ரயில் நிலையச் சரக்குக் கிடங்கில் அது கிடைத்தது, சுமார் 26,500 தாள்கள். கிடைத்த தேதி அதே செப்டம்பர் 8. முதல் தொகுதி 1947-இல் வந்தது, ஆறாவது 1957-இல். நடுவே ஒரு போர் வேறு. ஆகஸ்ட் 15 வராவிட்டால் அந்தத் தாள்கள் என்னவாகியிருக்கும்? மொழிக்காக உயிர் கொடுத்தவர்களைத் தெரிந்த நமக்கு இதைத் தனியே விளக்க வேண்டியதில்லை.

பழைய வாத்தியார்:
நிலா அம்மா சொன்னதோடு ஒன்று. நம் ஆகஸ்ட் 15-ஐக் குறித்தவர் யார்? மவுண்ட்பேட்டன். ஜப்பான் சரணடைந்த நாள் என்பதால்தான் அதைத் தேர்ந்தேன் என்று பின்னாளில் அவரே சொன்னார். அதே நாட்களில் பஞ்சாபும் வங்காளமும் பிளந்தன. அதற்காக நாம் கொடியேற்றாமலா இருக்கிறோம்?

வைகைக்கரையான்:
ஏற்றுகிறோம் சார். ஆனால் நம் பிரிவினையை நம் தலைவர்கள் மேசையில் உட்கார்ந்து ஒப்புக்கொண்டார்கள். கொரியாவுக்கு அந்த இடம்கூடக் கிடைக்கவில்லை.

சுவோன் தமிழன்:
பிளவைப் பற்றிப் பேசும்போது இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வடகொரியாவும் இதே நாளைத்தான் விடுதலை நாளாகக் கொண்டாடுகிறது. 2000-இல், பிரிந்த குடும்பங்கள் 15 ஆண்டு இடைவெளிக்குப் பின் சந்திக்கக் குறித்ததும் ஆகஸ்ட் 15-ஐத்தான். இரண்டு பக்கமும் ஒப்புக்கொள்ளும் நாள் என்று ஒன்று இருப்பது சாதாரண விஷயமா?

அப்புறம், சொனானில் உள்ள விடுதலை நினைவு மண்டபத்துக்கு ஒருமுறை வாருங்கள். மக்கள் நன்கொடையில் எழும்பி 1987 ஆகஸ்ட் 15-இல் திறக்கப்பட்டது. அந்தப் பழைய ஆளுநர் மாளிகையை இடிக்கத் தொடங்கியது 1995 ஆகஸ்ட் 15. அதன் கோபுர உச்சியை இங்கே கொண்டுவந்து, சூரியன் மறையும் மேற்குப் பக்கமாக, தரையிலிருந்து ஐந்து மீட்டர் ஆழத்தில் வைத்திருக்கிறார்கள். பீடம் இல்லை, அலங்காரம் இல்லை. விளிம்பில் நின்று குனிந்துதான் பார்க்க வேண்டும். சியோல் நடுவே எல்லோரும் அண்ணாந்து பார்த்த கல் அது. என் பக்கத்தில் ஒரு தாத்தா பேரனுக்கு விரலை நீட்டி நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். இதைச் செய்யத் தேதி வேண்டாமா அண்ணா?

வைகைக்கரையான்:
கல்லை இறக்கினார்கள், ஆட்களை இறக்கவில்லையே. ஜப்பானியரிடம் வேலை பார்த்துச் சொந்த மக்களை வதைத்த காவல்துறையினர் விடுதலைக்குப் பிறகும் பதவியில் இருந்தார்கள். அவர்களை விசாரிக்கச் சட்டமன்றம் சிறப்புக் குழு அமைத்தது. 1949 ஜூன் 6-இல் காவல்துறையே அந்தக் குழுவின் அலுவலகத்துக்குள் புகுந்து அதை முடக்கியது. அதே மாதம் 26-ஆம் தேதி கிம் குவையும் சுட்டுக் கொன்றார்கள். யோ உன்-ஹ்யோங் 1947-லேயே கொல்லப்பட்டுவிட்டார். 1948 ஆகஸ்ட் 15-இல் அரசு அமைந்ததால் இது நாடு பிறந்த நாள் என்று வலதுசாரிகள் வாதாடுகிறார்கள். அப்படியானால் அதற்கு முன் போராடியவர்கள் யார்? 2024-இல் நினைவு மண்டபத் தலைவர் நியமனத்தில் இந்தச் சண்டை முற்றி, விடுதலை வீரர்கள், வாரிசுகளின் சங்கம் அரசு விழாவைப் புறக்கணித்துத் தனியே விழா நடத்தியது. வாரிசுகளே உள்ளே போக மறுத்த விழா அது.

திருச்சி நிலா:
அவர்கள் ஆகஸ்ட் 15-ஐப் புறக்கணிக்கவில்லை, அரசின் மேடையைத்தான் புறக்கணித்தார்கள். அதே நாளில், கிம் கு நினைவகத்தில், கொடியோடுதான் கூடினார்கள். தேதியை விட்டுக்கொடுக்க அவர்களுக்கே மனமில்லை. நீங்கள் சொல்லும் துரோகக் கணக்கும் முழுசாக மூடப்படவில்லை. 2005-இல் சட்டம் வந்து, 2006 முதல் 2010 வரை ஓர் ஆணையம் துரோகத்துக்குப் பரிசாகக் கிடைத்த நிலங்களைத் தேடிப் பிடித்து அரசுடைமையாக்கியது.

வைகைக்கரையான்:
1949-இல் முடிந்திருக்க வேண்டிய வேலையை 2006-இல் தொடங்கினார்கள், நான்கே ஆண்டில் கடையை மூடினார்கள். வாரிசுகள் அதே நாளில் கூடினார்கள் என்பதை மதிக்கிறேன். ஆனாலும் யார் தயவும் இல்லாமல் தெருவில் இறங்கிய அந்த மார்ச் 1-தான் எனக்குப் பெரியது. வாத்தியார் சார், அந்த 1919 அறிக்கையைத் தமிழில் யாராவது முழுசாகப் பெயர்த்திருக்கிறார்களா? இருந்தால் இங்கேயே போடுங்கள்.