மலைப்பாதையில் சைக்கிள்: வழியில் யாரைப் பார்த்தீர்கள்?

கோவையிலிருந்து:

எத்தனை நிமிடத்தில் ஏறினோம், எத்தனை வாட் சக்தியில் மிதித்தோம் என்பதெல்லாம் செயலியிலேயே கிடக்கிறது. அந்தக் கணக்கு இங்கே வேண்டாம். நீலகிரி, ஆனைமலைப் பக்கம் ரோடு சைக்கிளில் போகிறவர்கள் வழியில் எதிர்ப்பட்டவர்களைப் பற்றி எழுதுங்கள். மனிதரோ, மாடோ, யானையோ, பஸ்ஸோ, எதுவானாலும் சரி. புதிதாகப் போகிறவர்களுக்கு அதுதான் உதவும்.

நானே ஆரம்பிக்கிறேன். நான் அதிகம் போவது மேட்டுப்பாளையம், கல்லாறு, பர்லியாறு, குன்னூர் பாதை. மேட்டுப்பாளையம் கடல்மட்டத்திலிருந்து 300 மீட்டர் சொச்சம், குன்னூர் சுமார் 1,850. நடுவில் 14 கொண்டை ஊசி வளைவுகள். ஏற்றம் சீராக இருக்கும், ஒரே கியரில் வெகுதூரம் போகலாம். கஷ்டம் ஏற்றத்தில் இல்லை.

கல்லாறு யானை வழித்தடம். மேலே பர்லியாறு பக்கம் பலா பழுக்கும் மாதங்களில் சமவெளிக் காட்டிலிருந்து யானைகள் ஏறி வரும். அப்படி ஒரு விடியற்காலையில், கல்லாறு தாண்டிக் கொஞ்ச தூரத்தில், கூடையோடு பஸ்ஸுக்கு நின்றிருந்த ஒரு அம்மா கையைக் காட்டி நிறுத்தினார். "தம்பி, அப்படியே நில்லுங்க. வளைவுக்கு அந்தாண்ட ரெண்டு நிக்குதுங்க." நான் நின்ற இடத்திலிருந்து எதுவும் தெரியவில்லை. மூங்கில் முறிகிற சத்தம் மட்டும். பின்னால் வந்த காய்கறி லாரிக்காரர் எஞ்சினை அணைக்காமல் விளக்கை மட்டும் தாழ்த்தினார். கால் மணி நேரம் கழித்துத் தாயும் குட்டியும் சாலையைக் கடந்து போயின. தாயின் முதுகில் ஒட்டியிருந்த செம்மண்கூடத் தெரிந்த தூரம்.

அப்புறம் அங்கே வந்த வேட்டைத் தடுப்புக் காவலர் சொன்னதுதான் முக்கியம். "கார், பஸ் வர்றது அதுக்கு முன்னாடியே தெரிஞ்சுரும். ஒதுங்கறதா நிக்கறதான்னு அது முடிவு பண்ணிக்கும். நீங்க சத்தமே இல்லாம வந்து பக்கத்துல நிக்கறீங்க. அது பயந்துரும். பயந்தா அடிக்கும்." அன்றிலிருந்து நல்ல கனத்த பித்தளை மணி ஒன்று என் ஹேண்டில்பாரில் இருக்கிறது. எடை கூடுகிறது என்று கிண்டல் செய்பவர்கள் செய்யட்டும்.

பொள்ளாச்சியிலிருந்து:

மணி விஷயம் சரி. ஆனால் யானை கண்ணில் பட்டபிறகு மணி அடிக்காதீர்கள். மணி, கண் மறைக்கும் வளைவுக்கு முன்னால் அடிப்பதற்கு. எதிரே நிற்கிறது என்று தெரிந்தால் சத்தமில்லாமல் இறங்கித் திருப்பிக்கொண்டு வருவதுதான் வழி.

எங்கள் பாதை ஆழியாறிலிருந்து வால்பாறை. 40 வளைவுகள், ஒவ்வொன்றிலும் எண் எழுதிய பலகை உண்டு. ஏறுகிறவனுக்கு அந்தப் பலகையே எதிரி. பத்து தாண்டியிருப்போம் என்று நினைக்கும்போது ஏழு என்று நிற்கும். ஆனால் ஒன்பதாவது வளைவில் எல்லாம் மறந்துவிடும். அங்கேதான் லோம்ஸ் காட்சிமுனை, கீழே ஆழியாறு அணை முழுசாகத் தெரியும். தடுப்புச் சுவரில் வரையாடுகள் நிற்கும். காரிலிருந்து ஆள் இறங்கினால் பாறைக்கு ஒதுங்குகிற ஆடு, நான் மூச்சு வாங்கிக்கொண்டு பக்கத்திலேயே போனபோது தலையைக்கூடத் திருப்பவில்லை. மாநில விலங்கு, அதன் மரியாதையே தனி.

குரங்குகள் அப்படியில்லை. குரங்கருவிப் பக்கம் வாழைப்பழத்தைச் சட்டையின் முதுகுப் பையில் வைத்துக்கொண்டு போகாதீர்கள். மெதுவாக மிதிக்கிறவனை அவை குறித்துவைத்துக்கொள்கின்றன. என் நண்பர் முதுகில் ஒன்று தாவி, பழத்தோடு சேர்த்து எனர்ஜி ஜெல் பாக்கெட்டையும் உருவிக்கொண்டு போனது. பல்லால் கிழித்து ஒரு நக்கு நக்கிவிட்டு அது முகத்தைச் சுளித்ததைப் பார்த்தபிறகு நண்பரும் ஜெல் வாங்குவதை விட்டுவிட்டார்.

மேலே போனால் வேறு கூட்டம். புதுத்தோட்டம் பக்கம் சோலைமந்திகள், அதாவது சிங்கவால் குரங்குகள், ரோட்டுக்கே வரும். அவை அடிபடாமல் கடக்க மரத்துக்கு மரம் பாலம் கட்டியிருக்கிறார்கள், அண்ணாந்து பார்த்தால் தெரியும். வால்பாறைப் பீடபூமியில் சில இடங்களில் உயரத்தில் சிவப்பு விளக்கு வைத்திருக்கிறார்கள். அது எரிந்தால் அருகில் யானை நடமாட்டம் இருக்கிறது என்று அர்த்தம். எஸ்டேட் மக்கள் செல்பேசியிலிருந்தே அதை எரிய வைப்பார்கள். வெளியூர்க்காரர்களுக்கு இது தெரிவதில்லை, ஏதோ டவர் விளக்கு என்று நினைத்துக்கொண்டு போகிறார்கள்.

கோத்தகிரியிலிருந்து:

கீழே இருப்பவர்கள் யானையைப் பற்றியே பேசுகிறீர்கள். எங்களுக்குத் தினசரி சகவாசம் காட்டு மாடுதான். தேயிலைச் செடிக்கு மேலே கறுப்பாக ஒரு முதுகு தெரியும், பாறை என்று நினைப்பீர்கள், அது திரும்பிப் பார்க்கும். ஒரு டன் எடைவரை வளர்கிற பிராணி. கூட்டமாக நின்றால் பிரச்சினை குறைவு. தனியாக நிற்கும் காளையைக் கண்டால் நில்லுங்கள், அது போகிறவரை நில்லுங்கள். மாலையில் கோடநாடு ரோட்டில் ஒன்று தேயிலை மேட்டிலிருந்து நேராகச் சாலையில் குதித்தது. எனக்கும் அதற்கும் நடுவே ஒரு கார் நிற்கிற இடைவெளிதான். அது மூச்சை உஸ்ஸென்று விட்டதும், என் சைக்கிளின் பின்சக்கரம் 'டிக் டிக்' என்று சுழன்று நின்றதும் மட்டும் கேட்டது. அதுவாகவே பள்ளத்தில் இறங்கிவிட்டது.

கரடியும் உண்டு. கோயில் விளக்கில் ஊற்றும் எண்ணெய்க்கும் பேக்கரிக்கும் ராத்திரியில் வரும். அதனால் விடிவதற்கு முன்னால் தேயிலைத் தோட்டத்துச் சிறு ரோடுகளில் போவதை நாங்களே தவிர்க்கிறோம்.

ஆனால் என்னைக் கேட்டால் இந்த மலையில் ஆபத்தான பிராணி, தானியங்கி கியர் காரில் முதல்முறை மலை இறங்குகிற சுற்றுலாப் பயணிதான். கோடை சீசனில் மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும் வண்டிகளைக் குன்னூர் வழியாகவும், இறங்குவதைக் கோத்தகிரி வழியாகவும் ஒருவழியாக்கி விடுவார்கள். அப்போது எங்கள் ரோட்டில் ஏறிப் பாருங்கள், வண்டி வருவதற்கு முன்பே பிரேக் தீய்ந்த வாடை வரும். அந்த வாடை வந்தால் நான் சாலையை விட்டே இறங்கி மண்ணில் நின்றுவிடுவேன். காரில் உள்ளவர்கள் கையசைப்பார்கள். நானும் அசைப்பேன், வேறென்ன செய்வது.

சைக்கிளுக்கும் அதே பாடம்தான். சக்கர வளையத்தையே (ரிம்) அழுத்திப் பிடிக்கும் ரிம் பிரேக் வைத்திருப்பவர்கள் இறக்கம் முழுக்க அழுத்திக்கொண்டே வந்தால் ரிம் கொதித்து ட்யூப் வெடிக்கும். வளைவுக்கு முன்னால் நன்றாக அழுத்தி வேகத்தைக் குறையுங்கள், வளைவில் விடுங்கள்.

திருப்பூரிலிருந்து:

பிராணிக் கதை என்னிடம் இல்லை, மனிதர் கதைதான். காரமடை, வெள்ளியங்காடு, கெத்தை வழியாக மஞ்சூர் ஏறினோம், நாங்கள் மூன்று பெண்கள். 43 வளைவுகள். ஊட்டிக்குப் போகும் மூன்றாவது பாதை என்று இதைச் சொல்வார்கள், வண்டி மிகக் குறைவு. வெள்ளியங்காட்டை விட்டால் கடை கண்ணி கிடையாது. காடு, குந்தா மின்திட்டத்தின் பெரிய குழாய்கள், மறுபடி காடு. நின்று தண்ணீர் குடித்த இரண்டு நிமிடத்தில் சாக்ஸுக்குள் அட்டை.

மஞ்சூர் நெருங்கும்போது எங்களில் ஒருத்திக்குத் தொடை பிடித்துக்கொண்டது. ரோட்டோரம் கொழுந்து எடை போட்டுக்கொண்டிருந்த அக்காக்கள் பார்த்துவிட்டு வந்தார்கள். ஒருவர் தன் தூக்குவாளியிலிருந்து பால் இல்லாத டீயை மூடியில் ஊற்றி, உப்புக்கல்லையும் கையில் வைத்தார். "ஏங்கண்ணு, பஸ்ஸுக்குக் காசு இல்லையா?" நிஜமான கவலையோடு கேட்டார். ஆசைக்குத்தான் மிதிக்கிறோம் என்று விளக்கப் பார்த்தோம். அவர் நம்பவில்லை. கிளம்பும்போது இருபது ரூபாய் கொடுக்க வந்தார். வாங்கவில்லை, ஆனால் மறுக்கத்தான் ரொம்ப நேரம் ஆனது.

அவர் கொடுத்த உப்பு நன்றாகவே வேலை செய்தது என்பதையும் பதிவு செய்கிறேன்.

ஈரோட்டிலிருந்து:

பஸ் பற்றி யாரும் எழுதவில்லையே. பர்லியாறு டீக்கடையில் ஒரு அரசுப் பேருந்து ஓட்டுநர் என்னை உட்கார வைத்து டம்ளரையும் தீப்பெட்டியையும் வைத்துக் காட்டினார். கொண்டை ஊசியில் பஸ்ஸின் முன்பக்கம் வெளியே போகும், பின்சக்கரம் உள்பக்கம் அறுத்துக்கொண்டு வரும். இடப்பக்க வளைவில் ஏறுகிற சைக்கிள்காரர் சரியாக அந்த உள்பக்கத்தில்தான் இருப்பார், அங்கேதான் ஏற்றமும் செங்குத்து, சைக்கிள் ஆடும். "கண்ணாடில நீங்க தெரியவே மாட்டீங்க சார். பின்னால பஸ் சத்தம் கேட்டா வளைவுக்கு முன்னாடியே நின்னுக்கங்க." இதைவிட நல்ல பயிற்சி எனக்கு எந்தப் பயிற்சியாளரிடமும் கிடைத்ததில்லை.

ஒரு கேள்வி: மசினகுடியிலிருந்து கல்லட்டி வழியாக ஊட்டிக்கு ஏறியவர்கள் இருந்தால் சொல்லுங்கள், டிசம்பரில் போக எண்ணம்.

ஊட்டியிலிருந்து:

கல்லட்டிக்கு 36 வளைவுகள். குன்னூர் பாதையை வைத்து இதைக் கணக்குப் போடாதீர்கள், இது சுவர். 2008-இல் தொடங்கிய டூர் ஆஃப் நீல்கிரிஸ் சைக்கிள் பயணத்துக்கு வருகிறவர்களே இந்த ஏற்றத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போவதைப் பார்த்திருக்கிறேன். கியர் பல்சக்கரத்தில் முன்னால் 34, பின்னால் 32 பல் இல்லாமல் வராதீர்கள், பின்னால் 34 இருந்தால் இன்னும் நல்லது.

தெப்பக்காடு, மசினகுடி எல்லாம் முதுமலைப் புலிகள் காப்பகம். வெயில் வந்தபிறகு கிளம்புங்கள், படம் எடுக்க நிற்காதீர்கள். வெளியூர் வண்டிகளைக் கல்லட்டியில் கீழே இறங்க விடுவதில்லை. சைக்கிளில் இறங்கும் எண்ணம் இருந்தால் முதலில் ஏற்றத்தின் உச்சியில் இருக்கும் தலைகுந்தா செக்போஸ்ட்டில் கேளுங்கள். அங்கிருக்கும் காவலர்கள் நல்லவர்கள்தான், ஆனால் அந்த இறக்கத்தில் கவிழ்ந்த வண்டிகளை எடுத்து எடுத்து அலுத்துப்போனவர்கள்.

டிசம்பரில் தலைகுந்தாப் புல்வெளியில் உறைபனி விழும். ஏறும்போது வியர்வையில் நனைந்த சட்டையோடு மேலே வந்து நின்றால் ஐந்து நிமிடத்தில் பல் கிட்டிக்கொள்ளும். காற்றைத் தடுக்கும் மெல்லிய சட்டை ஒன்று மடித்து வைத்திருங்கள். இல்லையென்றால் தலைகுந்தா டீக்கடையில் பழைய செய்தித்தாள் கேட்டு நெஞ்சுக்குள் செருகிக்கொள்ளுங்கள். கேட்டால் கொடுப்பார்கள், கூடவே ஊட்டி வர்க்கி பிஸ்கட்டும் வாங்கிவிடுங்கள்.