பித்தம் வடித்தலோ, வடியவிடலோ?

மொழிபெயர்ப்பாளர்:
சம்மதப் படிவம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகுது. பித்தக்குழாயில் கல் அடைத்துத் தொற்றினால், அகநோக்கியை (எண்டோஸ்கோப்) வாய்வழியே முன்சிறுகுடலுக்கு இறக்கி, ஸ்ரென்ற் எண்ட சிறு குழாயை வைத்துச் சீழ்ப்பித்தத்தை வெளியேற்றும் அவசரச் சிகிச்சைக்குப் பெயர் வேணும். 'பித்த வடிகால்' எண்டு போடட்டோ?

தாதிய விரிவுரையாளர்:
வேண்டாம். இங்க வடிகான் எண்டால் மாநகரசபை துப்புரவாக்கிறது. 'பித்தம் வடித்தல்' போதும். சோறு வடிக்காத வீடு உண்டோ?

தமிழாசிரியர்:
வடித்தல் பிறவினை; வடிதல் தன்வினை. புறநானூறு 312இல் கொல்லன் வேல் வடிக்கிறான். வேண்டாததை நீக்கிச் செம்மை செய்வதே இரண்டிடத்தும் கருத்து. நாம் அழகை 'வடிவு' என்பதும் அவ்வேரே என்பது என் துணிபு. ஸ்ரென்ற்றுக்கு 'விரிகுழல்' என்க.

வைத்தியர்:
ஐயா, பிளாஸ்ரிக் ஸ்ரென்ற் விரியாது. குழாய்த் தடிப்பை 'பிரெஞ்ச்' அளவில் சொல்லுவம்; 7 பிரெஞ்ச் எண்டால் 2.3 மி.மீ., அவ்வளவுதான். மானிப்பாயில் தமிழில் மருத்துவம் படிப்பிச்ச அமெரிக்க மிஷன் வைத்தியர் கிறீன் 1875இல் இரசாயன நூலுக்கே 'கெமிஸ்தம்' எண்டு பேர் வைச்சவர், ஸ்ரென்ற் எண்ட சொல்லும் அப்பிடியே இருக்கட்டும்.

வினை விசயத்தில் நீங்கள் சொல்வது சரி. ஸ்ரென்ற் எதையும் இழுக்காது. குழாய்க்குள் அழுத்தம் ஏறுவதால்தான் கிருமி இரத்தத்தில் கலக்குது. வழி திறந்தால் பித்தம் தானாக இறங்கும். அதனால் 'வடியவிடல்'. எக்ஸ்றே சாயத்தை நிறையச் செலுத்தினால் அழுத்தம் இன்னும் ஏறும். முதலில் பித்தத்தை உறிஞ்சி எடுத்து, பிறகு கொஞ்சமாகச் செலுத்தவேணும். மோசமான நிலையில் கல்லை அன்றே எடுக்கத் தேவையில்லை. இரத்தம் உறையாதவருக்குக் குழாய்வாயை வெட்டாமலே ஸ்ரென்ற் வைக்கலாம்.

தாதிய விரிவுரையாளர்:
மூக்குவழி ரியூப் விட்டால் பித்தம் வெளியே பைக்கு வருதே? அது வடித்தல்தானே!

வைத்தியர்:
அது 'வெளிவடிப்பு', ஸ்ரென்ற் 'உள்வடிப்பு'. பித்தக்குழாய்த் தொற்றுச் சிகிச்சைக்கான 2018 டோக்கியோ வழிகாட்டி இரண்டையும் ஏற்குது. ரியூப்பில் நிறமும் அளவும் பார்க்கலாம், அடைத்தால் கழுவலாம். ஆனால் குழம்பிய நோயாளி இழுத்துப்போடுவார்.

மொழிபெயர்ப்பாளர்:
பித்தப்பைக்கும் இதே சொல்லோ?

வைத்தியர்:
பித்தப்பை அழற்சிக்கு முதல்வழி பையை அகற்றுவது. சத்திரசிகிச்சை தாங்காதவருக்கே வடிப்பு. பைக்குழாய் ஒடுங்கி, உள்ளே சுருள்மடிப்போடு இருக்கும். கம்பி நுழையாமல் சுவரைக் குத்தலாம். மற்ற வழி, குடற்சுவரூடாக ஸ்கான் பார்த்துப் பையை நேரே துளைத்து உலோக ஸ்ரென்ற் வைப்பது. இல்லாத வழியை உண்டாக்குவதால் அதை 'வடியவிடல்' எண்டு சொல்ல எனக்கே மனம் ஒப்பேல்லை.

மொழிபெயர்ப்பாளர்:
இந்தப் படிவம் குழாய்க்கு மட்டும். 'பித்தம் வடியவிடும் அவசர அகநோக்குச் சிகிச்சை' எண்டு அனுப்புறன்.

தமிழாசிரியர்:
ஒரு சொல் கேட்டால் ஒரு வாக்கியம் தந்துவிட்டீர். என் மறுப்பைப் பதிக.

தாதிய விரிவுரையாளர்:
மூன்று மாதத்துக்குள் ஸ்ரென்ற்றை எடுக்கவோ மாத்தவோ வரவேணும் எண்ட வரி படிவத்தில் இருக்கோ?