மாமனாரின் தகரப் பெட்டி: எண்ணெய் தடவிய தோல் பையில் மறுபடி பூசணம், என்ன செய்வது?

வேளச்சேரி வாசி:
வணக்கம். சிரித்துவிட்டுப் பதில் சொன்னாலும் பரவாயில்லை.

என் மாமனார் கிண்டியில் பந்தயக் குதிரை லாயத்தில் முப்பது வருடத்துக்கு மேல் சைஸாக, அதாவது குதிரையைப் பராமரிப்பவராக, இருந்தவர். போன வருடம் தவறிவிட்டார். அவருடைய தகரப் பெட்டி எங்கள் பரணில் கிடந்தது. மழைக்கு முன்னால் பரணைச் சுத்தம் செய்யும்போது திறந்து பார்த்தேன். சேணத்துக்குப் போடும் சோப்பு பாதி டப்பா, தோலுக்குத் தடவும் நீட்ஸ்ஃபுட் எண்ணெய், குளம்புக் களிம்பு, கால் தைலம், குதிரை ஷாம்பு, ஈ விரட்டும் ஸ்ப்ரே, ஊசிக் குழாயில் குடற்புழு பேஸ்ட், பிரஷ் இரண்டு, ரப்பர் சீப்பு, குளம்பு நோண்டுகிற கொக்கி. அடியில் நான்கைந்து பழைய லாடம். தூக்கிப் போட எனக்கும் மனசில்லை, மனைவிக்கும் இல்லை.

இப்போது பிரச்சினை. மனைவி முதல் சம்பளத்தில் வாங்கிய தோல் கைப்பை பீரோவிலேயே பூசணம் பிடித்துவிட்டது. ஈரத்துணியால் துடைத்துவிட்டு, சேணத்துக்கே போடுகிற எண்ணெயாயிற்றே என்று நீட்ஸ்ஃபுட்டைத் தாராளமாகத் தேய்த்து, மறுபடி பீரோவில் வைத்தேன். பத்து நாள் கழித்து எடுத்தால் வெளிர்பழுப்புப் பை காப்பிக் கொட்டை நிறத்தில் இருக்கிறது. தொட்டால் பிசுபிசுக்கிறது, புடவையில் கறை ஒட்டுகிறது. அதைவிட, பூசணம் முன்பைவிட அதிகமாக வந்திருக்கிறது. காப்பாற்ற வழி உண்டா?

அப்படியே இன்னொன்று. மற்ற சாமான்களை வீட்டுக்குப் பயன்படுத்தலாமா? அம்மாவுக்குப் பித்தவெடிப்பும் மூட்டுவலியும் இருக்கிறது, அவருக்குச் சர்க்கரையும் உண்டு. மகள் ஷாம்புவைக் கேட்கிறாள். கொசுவுக்கு அந்த ஸ்ப்ரே ஆகுமா? வீட்டில் ஒரு பூனை இருக்கிறது, சொல்ல மறந்துவிட்டேன்.

அடையாறு ஆலமரம்:
இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்பார்கள். உங்கள் வீட்டில் பைக்குக்கூடக் கொள்ளு வைத்துவிட்டீர்கள் போல.

பெரியமேட்டுக்காரன்:
சார், எங்கள் வீட்டில் இரண்டு தலைமுறையாகத் தோல் வியாபாரம். மழைக்காலத்தில் வாரத்துக்கு நாலு பேராவது இதே கதையோடு வருவார்கள், ஆனால் குதிரை எண்ணெயோடு வந்தது நீங்கள்தான் முதல்.

முதலில் ஒரு சோதனை. பையின் அடிப்பக்கம் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். உருண்டு நின்றால் மேலே பூச்சு உள்ள தோல், பாதிப்பு குறைவு. உடனே உறிஞ்சி அந்த இடம் கறுத்தால் பூச்சில்லாத தோல். நிறம் மாறியதாகச் சொல்வதைப் பார்த்தால் உங்களுடையது இரண்டாவது வகை. எண்ணெய் ஏறிய கறுப்பு முழுசாகப் போகாது, அதை இப்போதே மனைவியிடம் சொல்லிவிடுங்கள்.

ஏன் இப்படி ஆனது என்றால், நீட்ஸ்ஃபுட் மாட்டின் கால் எலும்பிலிருந்து எடுக்கிற எண்ணெய். வெயிலிலும் வியர்வையிலும் காய்ந்து விறைத்துப்போன சேணத்தை இளக்கத்தான் அது. உங்கள் பை காய்ந்து போகவில்லை, ஈரத்தில் நனைந்து கிடந்தது. வெளியில் தெரிந்த வெள்ளையைத் துடைத்தீர்கள், உள்ளே பூசண வித்து இருந்தது, ஈரமும் இருந்தது. அதன் மேல் எண்ணெய் ஊற்றி இருட்டில் வைத்துப் பூட்டினால் பூசணத்துக்கு விருந்துதான்.

இப்போது செய்ய வேண்டியது: பையை மொட்டைமாடிக்கோ பால்கனிக்கோ கொண்டு போங்கள். அறைக்குள் தட்டாதீர்கள், வித்து பறந்து மற்ற துணியில் உட்காரும். முகத்தில் துணி கட்டிக்கொண்டு, உலர்ந்த பிரஷால் தையல் இடுக்கு, உள் பை, ஜிப் ஓரம் எல்லாம் தட்டுங்கள். அந்தப் பிரஷை வேறெதற்கும் எடுக்காதீர்கள். பிறகு பழைய பனியன் துணியால் வெளியே நிற்கிற எண்ணெயை ஒற்றி எடுங்கள். அதன் மேல் கார்ன்ஃப்ளாரைத் தூவி ஒரு இரவு விடுங்கள். காலையில் மாவு மஞ்சளாகிக் கட்டி தட்டியிருக்கும், தட்டிவிட்டுப் புதிதாகத் தூவுங்கள். மாவு வெள்ளையாகவே இருக்கிற வரை தொடருங்கள், நாலைந்து இரவு ஆகலாம். மாவை ஒரு துளியும் விடாமல் தட்டிவிட வேண்டும், அதுவும் பூசணத்துக்குச் சாப்பாடுதான்.

அப்புறம் சர்ஜிகல் ஸ்பிரிட்டும் தண்ணீரும் சரிபாதி கலந்து, கண்ணுக்குப் படாத ஓரத்தில் ஒரு சொட்டுப் போட்டுப் பாருங்கள். நிறம் கழறவில்லை என்றால் துணியில் நனைத்துப் பிழிந்து மேலோட்டமாகத் துடையுங்கள். கடைசியில்தான் சேண சோப்பு. ஸ்பாஞ்சைத் தண்ணீரில் முக்கி நன்றாகப் பிழிந்து, டப்பாவில் நாலு சுற்றுத் தேய்த்தால் கெட்டி நுரை வரும். தண்ணீராக ஓடுகிற நுரை என்றால் ஈரம் அதிகம். அந்த நுரையால் துடைத்து, சுத்தமான ஈரத்துணியால் சோப்பை எடுத்துவிட்டு, ஃபேன் காற்றில் காய விடுங்கள். வெயிலில் காயப் போட்டால் வெடிக்கும். உள்ளே செய்தித்தாளைச் சுருட்டி வையுங்கள், தினமும் மாற்றுங்கள். ஸ்வேட் மாதிரி சொரசொர தோலுக்கு மட்டும் இந்த சோப்பு ஆகவே ஆகாது.

வேளச்சேரி வாசி:
பாய், நன்றி. தண்ணீர் உடனே உறிஞ்சிவிட்டது. இன்று இரவு முதல் மாவு. ஒரு சந்தேகம், பீரோவில் ஏன் இவ்வளவு ஈரம்? பூட்டியேதான் இருக்கும்.

பெரியமேட்டுக்காரன்:
பூட்டியே இருப்பதால்தான். பீரோ குளியலறைச் சுவரை ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். ஐப்பசி, கார்த்திகையில் நம் ஊர்க் காற்றே ஈரத்துணி மாதிரி. பிளாஸ்டிக் கவரில் தோலைக் கட்டி வைக்காதீர்கள், பழைய தலையணை உறை போதும். செருப்புப் பெட்டியில் வருகிற சிலிக்கா பொட்டலங்களைச் சேர்த்து வையுங்கள். வாரம் ஒரு முறை பீரோவைத் திறந்து ஒரு மணி நேரம் ஃபேன் போடுங்கள்.

வேப்பேரி மாணவி:
கால்நடை மருத்துவம் படிக்கிறேன். பை இருக்கட்டும். அண்ணா, அந்த ஸ்ப்ரே டப்பாவில் என்ன மருந்து என்று எழுதியிருக்கிறது? பெர்மெத்ரின் என்று இருந்தால் பூனை இருக்கிற வீட்டில் அடிக்கவே கூடாது. குதிரையும் நாயும் அதைத் தாங்கும். பூனையின் ஈரலுக்கு அந்த மருந்தை உடைத்து வெளியேற்றும் சக்தி மிகக் குறைவு. அடித்த இடத்தில் படுத்துவிட்டு உடம்பை நக்கிக்கொண்டாலே போதும், விஷமாகிவிடும்.

வேளச்சேரி வாசி:
பெர்மெத்ரின் என்றுதான் போட்டிருக்கிறது. நேற்று சாயங்காலம் பால்கனிக் கொசுவலையில் இரண்டு தடவை அடித்தேன்!! பூனை அப்போது உள்ளே இருந்தது. இப்போது என் பக்கத்தில் தூங்குகிறது.

வேப்பேரி மாணவி:
பால்கனிக் கதவைச் சாத்துங்கள். கையுறை போட்டு வலையைச் சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள், தரையையும். பூனையின் காது, தோல் துடிக்கிறதா, நடுக்கம் இருக்கிறதா, எச்சில் வடிகிறதா, நடை தள்ளாடுகிறதா என்று இன்றும் நாளையும் கவனியுங்கள். ஒன்று தெரிந்தாலும் காத்திருக்க வேண்டாம், உடனே மருத்துவமனை. மேலே மருந்து பட்டிருப்பதாகத் தெரிந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் போட்டுக் கழுவிவிட்டுத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். வேப்பேரியில் எங்கள் கல்லூரி மருத்துவமனையே இருக்கிறது.

மிச்சத்தைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள், மீனுக்கு அது கடும் விஷம். தனியாகக் கட்டி, மேலே விஷம் என்று எழுதி, குப்பை எடுக்க வருபவரிடம் வாயாலும் சொல்லிக் கொடுங்கள்.

பேஸ்டையும் எடுத்து வையுங்கள். குதிரைக்கான ஐவர்மெக்டின் என்ற குடற்புழு மருந்துக் குழாய் ஒன்றில் சாதாரணமாக 6.08 கிராம் பேஸ்ட், 1.87 சதவீதம் மருந்து. கணக்குப் போட்டால் சுமார் 114 மில்லிகிராம். அது 567 கிலோ குதிரைக்கான ஒரு வேளை. டாக்டர் மனிதருக்கு எழுதும்போது கிலோவுக்கு 0.2 மில்லிகிராம் அளவில் எழுதுவார், 60 கிலோ ஆளுக்கு 12. ஒன்பது பேர் மருந்து ஒரே குழாயில். பேரனுக்குப் பூச்சித் தொந்தரவு என்று யாராவது நாக்கில் தடவிவிடப் போகிறார்கள்.

மாம்பலம் மாமி:
தம்பி, அம்மாவுக்குச் சர்க்கரை என்று எழுதியிருக்கிறாய். அப்படியானால் பாதத்தில் குளம்புக் களிம்பு வேண்டாம். என் பெண் அமெரிக்காவிலிருந்து பேக் பாம் என்று பச்சை டப்பா ஒன்று கொண்டு வருவாள். 1899-ல் வெர்மான்டில் பசு மடிக்காகச் செய்தது, இப்போது மனிதர்கள் கைகால் வெடிப்புக்கு வாங்குகிறார்கள். அதில் இருப்பது பெரும்பாலும் வாசலினும், ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கிற லானோலினும்தான். எனக்கு லானோலின் ஒத்துக்கொள்ளாமல் ஒரு வாரம் அரித்தது. உன் டப்பாவில் டர்பென்டைனோ தாரோ கூட இருக்கலாம், குளம்பு தாங்கும், அம்மா கால் தாங்காது. பத்து நிமிஷம் வெந்நீரில் கால் வைக்கச் சொல்வதுகூட உணர்ச்சி குறைந்த காலுக்கு ஆபத்து, கையால் சூடு பார்த்துக்கொள். துடைத்து வாசலின், மேலே பருத்தி சாக்ஸ். ஆழமான வெடிப்பு என்றால் டாக்டர்.

தைலம் பற்றி: இதே கதைதான் அதற்கும். குதிரைக் காலுக்கு என்று அமெரிக்காவில் 1892-ல் அப்ஸார்பைன் வந்தது, பிறகு மனிதர்களுக்குத் தனியாக அப்ஸார்பைன் ஜூனியர் விட்டார்கள். அதற்கு அடுத்த வருஷம், 1893-ல், பம்பாயில் நம் அமிர்தாஞ்சனம். மெந்தால் வாசனை எல்லாவற்றிலும் ஒன்றுதான். மனிதனுக்குச் செய்தது கைக்கெட்டும்போது குதிரைக்குச் செய்ததை எதற்குத் தேடுவது? எதைத் தடவினாலும் மேலே இறுக்கித் துணி கட்டி வெந்நீர்ப் பை வைக்காதே, தோல் வெந்துவிடும்.

லாயத்து ஆள்:
நானும் கிண்டியில் இருந்தவன். உங்கள் மாமனாரைத் தெரிந்துகூட இருக்கலாம், பெயரை இங்கே கேட்கவில்லை.

அவர் உயிரோடு இருந்திருந்தால் மழை மாதத்தில் எண்ணெய்ப் புட்டியைத் தொட விட்டிருக்க மாட்டார். சேணத்துக்கு எண்ணெய் போடுவது காய்ந்த காலத்தில். அதுவும் துணியில் நாலு சொட்டு, உள்பக்கமாக. அடுத்த நாள் பார்த்து, வேண்டுமென்றால் இன்னும் நாலு சொட்டு. ஊற்றினால் தோல் தொய்யும், தொய்ந்த வார் ஜாக்கியைக் கீழே தள்ளும். மழையில் எங்களுக்கு சோப்பும் காய்ந்த துணியும்தான்.

பெட்டியில் வீட்டுக்கு நல்ல சாமான் எது என்றால் அந்த ரப்பர் சீப்புதான். குதிரைக்கு வட்டமாகத் தேய்த்து உதிர் மயிரை எழுப்புவோம். சோபாவில் பூனை மயிரை ஒரே பக்கமாக இழுத்துப் பாருங்கள், உருண்டையாகத் திரண்டு வரும். கொக்கியால் ஷூ அடியில் ஒட்டிய சேற்றை எடுக்கலாம், தொட்டியில் புல் பிடுங்கலாம். கெட்டி பிரஷ் மிதியடிக்கு.

ஷாம்பு எத்தனை வருடம் பழசு? மூடி திறந்து நாலைந்து வருடம் என்றால் பாத்ரூம் தரைக்குத்தான். புதியதாக இருந்தாலும் லேபிளைப் பாருங்கள். மேன் அண்ட் டெய்ல் மாதிரி சிலதில் மனிதருக்கும் என்றே எழுதியிருக்கும். இல்லையென்றால் வேண்டாம், குதிரைத் தோலின் காரநிலை வேறு, நம் மண்டையின் காரநிலை வேறு. பிடரி பளபளக்க அடிக்கிற சிலிக்கோன் ஸ்ப்ரே ஏதும் கிடைத்தால் வீட்டுக்குள் அடிக்காதீர்கள். சேணம் வைக்கிற இடத்தில் நாங்களே அடிக்க மாட்டோம், வழுக்கும். டைல்ஸ் தரையில் அம்மா நடக்கிற வீடு வேறு.

வேளச்சேரி வாசி (மூன்று வாரம் கழித்து):
எல்லோருக்கும் நன்றி. பூனைக்கு ஒன்றும் ஆகவில்லை, மாணவிக்குத் தனியாக நன்றி தங்கச்சி.

ஆறு இரவு மாவு போட்டேன். முதல் இரண்டு நாள் மாவு சப்பாத்தி மாவு மாதிரி ஆகிவிட்டது. ஸ்பிரிட்டில் கைப்பிடிப் பக்கம் கொஞ்சம் நிறம் கழன்றது, அங்கே நிறுத்திக்கொண்டேன். பிசுபிசுப்பு போய்விட்டது, பூசணம் இதுவரை வரவில்லை. கறுப்பு அப்படியே இருக்கிறது. மனைவி இரண்டு நாள் பேசவில்லை, இப்போது எடுத்துக்கொண்டு போகிறாள். பீரோ குளியலறைச் சுவரை ஒட்டித்தான் இருந்தது, நகர்த்திவிட்டோம். ரப்பர் சீப்பு அம்மா வசம் போய்விட்டது, சோபாவுக்கு.

கடைசியாக ஒன்று. லாடத்தை வாசலில் மாட்டச் சொல்கிறாள் மனைவி. வாய் மேலே பார்க்க வேண்டுமா, கீழேயா?

அடையாறு ஆலமரம்:
எங்கள் வீட்டில் கீழே. பக்கத்து வீட்டில் மேலே. இரண்டு வீட்டுக்கும் கடன் ஒரே அளவுதான்.

லாயத்து ஆள்:
எப்படி மாட்டினாலும் இரண்டு ஆணி அடியுங்கள், டேப்பில் ஒட்டாதீர்கள். அதற்கு முன்னால் ஒரு காந்தம் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் இரும்பு, தினசரி ஓட்டப் பயிற்சிக்குப் போடுவது. ஒட்டாமல் லேசாக இருந்தால் அலுமினியம். பந்தயத்துக்கு மட்டும் மாட்டுவது.

வேளச்சேரி வாசி:
ஃப்ரிட்ஜ் காந்தத்தை எடுத்துப் பார்த்தேன். நாலு ஒட்டுகிறது, ஒன்று ஒட்டவில்லை. அது மட்டும் ஒரு துணியில் சுற்றி வைத்திருந்தது.

லாயத்து ஆள்:
அப்படியென்றால் அதை மாட்டாதீர்கள். அந்தத் துணியிலேயே இருக்கட்டும். வாசலுக்கு இரும்புதான்.