தண்ணீர் மெஷினும் ஒரு பேராசிரியரும்: இவர் உண்மையான ஆளா?

உப்புவெளி_மகள்:
போன ஞாயிறு அப்பாவின் பழைய கூட்டாளி ஒருவர் ஒரு மெஷினோடு வந்தார். தண்ணீரை ‘நான்காம் நிலைக்கு’ மாற்றுமாம். 85,000 ரூபாய், தவணைக்கும் தருவாராம். அப்பாவுக்குச் சீனி வருத்தம், கிட்னியும் கொஞ்சம் பழுது. நான் முகத்தைச் சுளித்ததும் போனில் வீடியோ போட்டுக் காட்டினார்: ஜெரால்ட் பொல்லாக், அமெரிக்கப் பேராசிரியர். திருகோணமலை கன்னியா வெந்நீர்க் கிணற்றிலும் இதே தண்ணிதானாம்! அப்பா பேனாவைத் தேடத் தொடங்கிவிட்டார். இந்த மனிதர் உண்மையிலேயே பேராசிரியரா, வீடியோவுக்குக் கோட் போட்டவரா?

ஓர்ஸ்ஹில்_சேர்:
தங்கச்சி, ஆள் உண்மைதான். ஏ.எல். (உயர்தர) பிள்ளைகளுக்கு இரசாயனம் படிப்பித்து ஓய்வு பெற்றவன் நான். இவர் எழுதியதைக் கொஞ்சம் வாசித்திருக்கிறேன். மின் பொறியியலில் தொடங்கியவர். 1968இல் பென்சில்வேனியாவில் கலாநிதிப் பட்டம் வாங்கி, சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்துக்குப் போனார். முதலில் பிடித்தது தசை. தசை எப்படிச் சுருங்குகிறது என்று எல்லோரும் ஏற்றுக்கொண்ட விளக்கத்தோடு சண்டை போட்டு 1990இல் புத்தகமே எழுதினார். பிடிவாதக்காரர், எனக்கு அது பிடிக்கும்.

அப்புறம் உயிரணுவுக்கு வந்தார். அது தண்ணி நிரப்பிய பை இல்லை, ஜெல் என்றார். நோன்பு காலத்தில் பக்கத்து வீட்டிலிருந்து வரும் கடற்பாசி ஜெல்லியை நினைத்துப் பாருங்கள். பெரும்பகுதி தண்ணிதான், ஆனால் வெட்டினால் ஒழுகாது. அதுபோல ஜெல்லுக்குப் பக்கத்தில் தண்ணீரில் நுண்ணிய பிளாஸ்டிக் மணிகளைக் கலந்துவிட்டால் அவை தள்ளிப் போய், வெறும் தண்ணீர்ப் படலம் ஒன்று தெரியும். தலைமயிரின் தடிப்பைவிட அகலமாகக்கூட வரும். இதைக் கண்ணால் பார்க்கலாம், பொய்யில்லை.

சண்டை காரணத்தில்தான். அது பனிக்கட்டி, நீர், ஆவி மூன்றும் இல்லாத தண்ணீரின் நான்காம் நிலை, ஒளி பட்டால் வளரும் என்கிறார் அவர். 2013இல் இதற்கும் ஒரு புத்தகம். மற்றவர்கள் அந்த ஜெல்லின் பரப்பு தண்ணீரோடு அயன்களை (மின்னேற்றமுள்ள துணிக்கைகளை) மாற்றிக்கொள்வதால் செறிவு வேறுபாடு உண்டாகி மணிகள் நகருகின்றன என்கிறார்கள். 2014இல் அதைப் பரிசோதனையிலும் காட்டினார்கள். எனக்கு இவர்கள் சொல்வதுதான் சரியாகப் படுகிறது.

எப்படிப் பார்த்தாலும் அந்தப் படலம் ஒரு பரப்பை ஒட்டி நிற்பது. அதைக் காட்டி போத்தல் தண்ணியில் கிட்னி சுகமாகும் என்பது வியாபாரியின் கற்பனை. கன்னியாவில் ஏழு கிணறும் சுடுவது நிலத்தடிச் சூட்டால்.

கிளினிக்_தாதி:
கிட்னிக்காரர் ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிக்கலாம் என்று முதலில் டொக்டரிடம் கேளுங்கள். சிலருக்கு அளவு கட்டுப்பாடு இருக்கும். மெஷின் வாங்கினால் அதிகம் குடிக்கத்தான் மனம் வரும்.

உப்புவெளி_மகள்:
நன்றி சேர், நன்றி அக்கா. அப்பா கையெழுத்து வைக்கவில்லை. “பேராசிரியர் நல்ல மனிசன், கொண்டு வந்தவன்தான் சரியில்லை” என்று சொல்லிக்கொண்டு திரிகிறார். சேர் எழுதியதை வாசித்துக் காட்டியது என் பிழை: இப்போது சீனி போடாத கடற்பாசி வேண்டுமாம்.