டிப்போவுக்குத் தமிழ்ச்சொல்: 'வழிவைப்பு'ன்னு வெச்சுக்கலாமா?

எல்லாருக்கும் வணக்கம்,

தென்துருவப் பயணக் கதைகள்ல வர்ற டிப்போவுக்கு, அதாவது பின்னால எடுத்துக்கலாம்னு சாப்பாடு, எண்ணெயெல்லாம் வழியில முன்கூட்டியே இறக்கி வெச்சுட்டுப் போற இடத்துக்கு, 'உணவுக்கிடங்கு'ன்னே போட்டுடலாம்னு ஐயா போன மடல்ல எழுதியிருந்தீங்க. எனக்கு மனசு ஒப்பலைங்க. கிடங்குன்னாலே ஷட்டர் போட்ட கட்டிடம், மூட்டை அடுக்கு, வாட்ச்மேன் இதுதான் கண்ணுக்கு வருது. 1911 பிப்ரவரி 17ல, தென்துருவத்துக்குப் போன இங்கிலாந்துக்காரர் ஸ்காட்டோட குழு வெச்ச 'ஒரு டன் டிப்போ' வெட்டவெளிப் பனியில சாமானைக் குவிச்சு மேடாக்கி உச்சியில கொடி நட்டது, அவ்வளவுதான், கூரையும் கிடையாது காவலும் கிடையாது.

'உணவு'ங்கிறதும் பத்தாது. அங்க மண்ணெண்ணெய் இல்லன்னா பனிய உருக்கிக் குடிக்கக்கூட வழியில்ல. 1912ல ஸ்காட் குழு துருவத்துலேர்ந்து திரும்பி வந்தப்போ பல டிப்போக்கள்ல டின்னுல எண்ணெய் குறைஞ்சே கிடந்துது, தோல் வாஷர் வழியா ஆவியாப் போயிருந்துது, அதே சமயத்துல துருவத்துக்குப் போன நார்வேக்காரர் அமுண்ட்சென் தன்னோட டின்னுகள ஈயம் வெச்சுப் பத்தவெச்சிருந்ததால அவருக்கு இந்தக் கஷ்டம் வரல. இதனாலதான் 'ஆற்றுணா'வும் சரிவராதுன்னு நினைக்கிறேன். எனக்கு ரொம்பப் பிடிச்ச பழைய சொல், ஆனா அது கையில கட்டிக்கிட்டுப் போற சோறு, இது வழியில இறக்கி வெச்சுட்டுப் போறது.

கம்ப்யூட்டர் பக்கத்துல 'cache'ங்கிறதுக்குச் சொல்ற 'பதுக்ககம்' எடுக்கலாம்னு தம்பி சொன்னதுக்கும் பதில் சொல்லிடறேன். பதுக்கறதுன்னா அடுத்தவன் கண்ணுல படாம ஒளிக்கறது. டிப்போ கண்ணுல பட்டே ஆகணும், படலன்னா சாவுதான். அமுண்ட்சென் தெற்கு அட்சரேகை 80 டிகிரியில வெச்ச டிப்போவுக்கு என்ன செஞ்சாருன்னா, குவியலுக்குக் கிழக்க பத்து மேற்க பத்துன்னு மூங்கில் கம்புல கறுப்புக் கொடி, ஒண்ணுக்கொண்ணு 900 மீட்டர் தள்ளி, ஒவ்வொண்ணுலயும் நம்பர், மூடுபனியில வழி தப்பி எந்தக் கொடிகிட்ட வந்து நின்னாலும் டிப்போ எந்தப் பக்கம் எவ்வளவு தூரம்னு தெரிஞ்சிடும். அந்தப் பயணத்துல வழிக்கு அடையாளம் வைக்கக் கொடி பத்தாம கருவாட்டையே பனியில நட்டுவெச்சாங்க. இதப்போயி பதுக்கல்னு எப்படிங்க சொல்றது?

'மீள்வைப்பு'ன்னு ஒண்ணு யோசிச்சா அது கிட்டத்தட்ட சரி, திரும்பும்போது எடுக்கத்தானே வைக்கிறாங்க. ஆனா அண்டார்டிகாவக் குறுக்கா நடந்து கடக்கக் கிளம்பின ஷாக்கில்டனுக்காக, எதிர்ப்பக்கம் ராஸ் கடல்லேர்ந்து டிப்போ வைக்கப் போன குழுவ நினைச்சுப் பாருங்க. அவரு கண்டத்தோட மறுபக்கத்துலேர்ந்து நடந்து வருவாருன்னு நம்பி, பியர்ட்மோர் பனியாத்து அடிவாரம் வரைக்கும் இழுத்துட்டுப் போயி 1916 ஜனவரியில கடைசி டிப்போவ வெச்சாங்க. அவரு கப்பலோ 1915 நவம்பர்லயே பனியில நொறுங்கி முங்கிடுச்சு, இவங்களுக்குத் தெரியாது. அந்தக் குழுவுல ஸ்பென்சர் ஸ்மித், மக்கின்டாஷ், ஹேவர்டு மூணு பேரும் தளத்துக்குத் திரும்பி வந்து சேர்றதுக்குள்ள செத்துப்போயிட்டாங்க. வராத ஒருத்தருக்காக வெச்சது அது, இதுல 'மீள்' எங்க இருக்கு? எழுதும்போதே மனசு என்னமோ பண்ணுது.

அதனால 'வழிவைப்பு'. வைப்புன்னா பேங்க் வைப்புநிதியால எல்லாருக்கும் பழகின சொல், வெச்சது பின்னால உதவும்ங்கிற அர்த்தம் அதுலயே இருக்கு. 'வழி'ய விடவே கூடாது, ஏன்னா எங்க வெச்சோம்ங்கிறதுலதான் உயிரே இருக்கு. ஒரு டன் டிப்போவ 80 டிகிரியில வைக்கத்தான் திட்டம், மட்டக்குதிரைங்க தளர்ந்துபோனதால 50 கிலோமீட்டருக்கு மேல முன்னாடியே இறக்கிட்டாங்க. இன்னும் தள்ளிப் போலாம்னு குதிரைங்களப் பார்த்துக்கிட்ட ஓட்ஸ் சொல்லியும் ஸ்காட் கேக்கல. அடுத்த வருஷம் மார்ச்ல ஸ்காட், வில்சன், பவர்ஸ் மூணு பேரும் கூடாரத்துலயே முடிஞ்சாங்க, அந்த டிப்போவுக்கு இன்னும் 20 கிலோமீட்டர்தான் பாக்கி.

வாக்கியத்துல போட்டும் பார்த்தேன்: 'ஒரு டன் வழிவைப்பு', 'கோடையில வழிவைப்புப் பயணம் போனாங்க', நல்லாத்தான் ஒட்டுது. வினைச்சொல்லுக்குத்தான் இடிக்குது, 'வழிவைப்பு வைத்தல்'னா வை ரெண்டு தடவை வருது, 'வழிவைப்பு இடுதல்' எனக்குப் பரவால்லன்னு தோணுது, இலக்கணம் தெரிஞ்சவங்க பார்த்துச் சொல்லுங்க.