அப்பாவின் ஸ்கூட்டர், ஸ்பெக்ட்ரம் கணினி, தகரப் படகு: எவற்றை எப்படிக் காப்பாற்றுவது?

உறையூரான் எழுதியது:

வணக்கம். திருச்சி உறையூரில் உள்ள எங்கள் பூர்வீக வீட்டை விற்பதென்று அண்ணனும் நானும் முடிவு செய்து, பரண் முதல் பின்கட்டு வரை ஒழித்துக்கொண்டிருக்கிறோம். பாத்திரம் பண்டங்களைப் பிரித்துக்கொள்வதில் சிக்கல் எதுவும் எழவில்லை. மூன்று பொருள்களில் மட்டும் எங்கள் இருவருக்கும் கருத்து ஒத்துப்போகாததால் இங்கே கேட்கிறேன்.

முதலாவது, அப்பா 1984-இல் வாங்கிய பஜாஜ் சேத்தக் ஸ்கூட்டர். பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டிய காலம் அது. வெளிநாட்டுப் பணமாகக் கட்டினால் வரிசையில் முந்திக்கொள்ளலாம் என்றொரு வழி இருந்ததால், குவைத்தில் இருந்த மாமாவின் தயவில் எங்கள் வீட்டுக்கு வண்டி சீக்கிரமே வந்து சேர்ந்தது. அப்பா ஓட்ட, நான் அவருக்கு முன்னால் நின்றுகொள்ள, அண்ணன் நடுவிலும் அம்மா பின்னால் ஒருபக்கமாகவும் அமர்ந்து ஸ்ரீரங்கம் வரை போய் வருவோம். வண்டி ஓடி ஏறக்குறைய பதினைந்து ஆண்டுகள் ஆகின்றன. இடப்பக்க டிக்கி மூடியின் உட்புறத்தில், ஒவ்வொரு முறை கியர் ஆயில் மாற்றியபோதும் மீட்டர் காட்டிய கிலோமீட்டரை அப்பா வெள்ளைப் பெயிண்டால் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி வைத்திருக்கிறார். முழுவதும் டிங்கரிங் செய்து புது வண்ணம் அடித்து ஓட்ட வேண்டும் என்கிறார் அண்ணன். எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை.

இரண்டாவது, அதே மாமா 1985 விடுமுறைக்கு வந்தபோது கொண்டுவந்த 48கே இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் கணினியும் (தொலைக்காட்சியைத் திரையாகவும் ஒலிநாடாவைச் சேமிப்பாகவும் கொண்ட வீட்டுக் கணினி) ஒரு பை நிறையக் கேசட்டுகளும். கேசட்டுகளில் பெரும்பாலும் விளையாட்டுகள்தாம். ஒன்றில் மட்டும் அப்பா நடத்திய சீட்டுக்குக் கணக்குப் போட நானும் அவரும் சேர்ந்து பேசிக் என்ற கணினி மொழியில் எழுதிய நிரல் இருக்கிறது. கணினியின் அடாப்டரைக் காணவில்லை.

மூன்றாவது, வைகுண்ட ஏகாதசிக் கடையில் வாங்கிய தகரப் படகு. உள்ளே சிறு விளக்கை ஏற்றி வைத்தால் டபடபவென்று சத்தமிட்டுக்கொண்டு தொட்டியைச் சுற்றி வருமே, அதுதான். அண்ணன் மகள் அதை விடாமல் கேட்கிறாள். குழந்தையிடம் கொடுக்கலாமா?

பழையவண்டி எழுதியது:

வண்டியைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் மற்ற இரண்டும் எனக்குத் தெரியாத விஷயங்கள்.

சேத்தக்குக்கு மோட்டார் சைக்கிளைப் போலத் தனியாகக் குழாய்ச் சட்டம் கிடையாது. வெஸ்பாவின் வழிவந்த வண்டி என்பதால், அழுத்தி வளைத்துப் பற்றவைத்த இரும்புத் தகடே உடம்பாகவும் சட்டமாகவும் இருந்து பாரத்தைத் தாங்குகிறது. ஆகவே பக்கவாட்டு மூடிகளில் உள்ள துருவை ஓர் அழகுக் குறையாக விட்டுவிடலாம். கால் வைக்கும் தளத்தின் அடியில் உள்ள துருவை அப்படி விட முடியாது. அங்கே திருப்புளியின் முனையை வைத்து அழுத்திப் பாருங்கள். தகடு உள்வாங்கினால் வெட்டியெடுத்துப் புதுத் தகடு வைத்துப் பற்றவைப்பதைத் தவிர வேறு வழியில்லை, அந்த இடத்தில் அண்ணன் சொல்வதே சரி. உறுதியாக இருந்தால், துருவைத் தேய்த்தெடுத்து அடிப்பகுதிக்கு மட்டும் துருத்தடுப்புப் பூச்சுக் கொடுத்துவிட்டு மேற்புறத்தைத் தொடாமல் விடுங்கள். முழு டிங்கரிங் என்று பட்டறையில் விட்டால் நெருப்பு வைத்துப் பழைய வண்ணத்தை உரித்துப் பட்டி பூசிவிடுவார்கள். மூடியின் உள்பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் நின்று பார்க்கப் போவதில்லை. எப்படியிருந்தாலும் அந்த மூடியைக் கழற்றி வீட்டில் வைத்துக்கொண்டு மீதி வண்டியை மட்டும் அனுப்புங்கள்.

எஞ்சினை இப்போது யாரும் உதைத்துப் பார்க்க வேண்டாம். இத்தனை ஆண்டுகள் நின்றதில் பிஸ்டன் வளையங்கள் சிலிண்டரோடு ஒட்டியிருக்கக்கூடும், கிக்கரில் ஏறி மிதித்தால் சிலிண்டர்ச் சுவரில் கீறல் விழும். பிளக்கைக் கழற்றி அந்தத் துளை வழியாகச் சிறிது 2டி ஆயில் (டூ-ஸ்ட்ரோக் வண்டிக்குப் பெட்ரோலில் கலக்கும் எண்ணெய்) விட்டு, இரண்டு மூன்று நாள் ஊறிய பிறகு கிக்கரைக் கையால் மெதுவாக அழுத்திப் பாருங்கள். சீட்டுக்கு அடியில் உள்ள பெட்ரோல் தொட்டியை இறக்கி, பழைய பெட்ரோல் மக்கிப் படிந்திருக்கும் பிசினைக் கழுவியாக வேண்டும். சிறு கூழாங்கற்களைப் போட்டுக் குலுக்கினால் உட்புறத் துரு உதிரும். கார்புரேட்டரை முழுவதுமாகப் பிரித்துக் கழுவுங்கள்.

பலரும் கவனிக்காமல் விடுவது கிராங்க் ஷாஃப்டின் இருபுறமும் உள்ள ஆயில் சீல்கள். டூ-ஸ்ட்ரோக் எஞ்சினில் பெட்ரோல் கலவை சிலிண்டருக்குப் போவதற்கு முன் கிராங்க் அறைக்குள்தான் நுழைகிறது. ரப்பர் சீல் காய்ந்து வெடித்திருந்தால் அங்கே வெளிக்காற்றும் புகுந்து கலவை நீர்த்துவிடும், நீர்த்த கலவையில் எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடேறிப் பிஸ்டன் சிக்கிக்கொள்ளும். வண்டி நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது, திடீரென்று நின்றுவிட்டது என்று வருகிறவர்களில் பாதிப் பேரின் கதை இதுதான். சீல்களின் விலை அற்பம். அவற்றை மாற்றுவதற்கு எஞ்சினை இரண்டாகப் பிளக்க வேண்டும் என்பதுதான் செலவு.

எட்டுபிட் எழுதியது:

உறையூரான் அவர்களே, கைக்குக் கிடைத்த ஏதோ ஓர் அடாப்டரைத் தயவுசெய்து அதில் செருகிவிடாதீர்கள். ஸ்பெக்ட்ரத்துக்குத் தேவை 9 வோல்ட் நேர்மின்சாரம் (டி.சி.). ஆனால் அதன் முனையில் நடுப்பகுதி எதிர்முனை. இன்று கடைகளில் கிடைக்கும் அடாப்டர்களில் பெரும்பாலானவற்றுக்கு நடுப்பகுதி நேர்முனையாக இருக்கும். சரியான அடாப்டர் கிடைத்தாலும், முதலில் உள்ளே மின்சுற்றுப் பலகையில் உள்ள மின்தேக்கிகளை மாற்றிவிட்டு ஏற்றுவதே நல்லது. 48கே நினைவகத்தில் கீழ்ப்பகுதியான 16கே, 4116 என்ற வகைச் சில்லுகளால் ஆனது. அவை 5 வோல்ட், 12 வோல்ட், கழித்தல் 5 வோல்ட் என மூன்று மின்னழுத்தங்களைக் கேட்பவை. அவற்றை உண்டாக்கும் சிறு சுற்று பழுதானால் சில்லுகளையும் சேர்த்துக் கெடுத்துவிடும்.

விசைப்பலகையின் ரப்பர் அப்படியே இருக்கும், ஆனால் அதற்கடியில் உள்ள மெல்லிய பிளாஸ்டிக் ஏடு இந்நேரம் அப்பளம்போல் நொறுங்கக் காத்திருக்கும். மூடியைச் சட்டென்று தூக்கினால், மின்சுற்றுப் பலகையில் செருகியிருக்கும் அந்த ஏட்டின் வால்பகுதி பிய்ந்து அங்கேயே நின்றுவிடும். புது ஏடுகள் இன்றும் தயாராகின்றன, இணையத்தில் வாங்கலாம்.

அந்தக் கணினி 1982 ஏப்ரலில் வெளிவந்தபோது பிரிட்டனின் தொலைக்காட்சிப் பெட்டிகளை மனத்தில் வைத்தே உருவானது, படத்தை யு.எச்.எஃப். என்ற உயர் அலைவரிசைத் தொகுதியின் 36-ஆம் அலைவரிசையில் அனுப்பும். நம் ஊரில் அதற்குக் கீழான வி.எச்.எஃப். தொகுதியை மட்டும் பிடித்த பெட்டிகளில் அதனால்தான் படமே வராது. உங்கள் வீட்டில் எப்படிச் சமாளித்தீர்கள் என்று அறிய ஆவல். ஒலிபெருக்கி கணினிக்குள்ளேயே இருந்ததால் ஒலிக்கு மட்டும் பெட்டியை நம்ப வேண்டியிருக்கவில்லை. இப்போது பார்க்க விரும்பினால், உள்ளே சிறிய மாற்றம் ஒன்றைச் செய்து தொலைக்காட்சியின் ஏ.வி. உள்வாயில் (ஒளி, ஒலியை நேரடியாக ஏற்கும் துளை) இணைத்துவிடலாம்.

ஆனால் என்னைக் கேட்டால், கணினியைவிட அவசரமானது கேசட் பை. ஸ்பெக்ட்ரம் உலகில் இலட்சக்கணக்கில் விற்ற பொருள், இன்னொன்று எப்போது வேண்டுமானாலும் கிடைக்கும். விளையாட்டுகளையும் யாராவது என்றோ பாதுகாத்திருப்பார்கள். உங்கள் சீட்டுக் கணக்கு நிரல் அந்த ஒரு நாடாவில் மட்டுமே இருக்கிறது. பூஞ்சை பிடித்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள், வெண்புள்ளிகள் தெரிந்தால் ஓட விடாதீர்கள். பரணில் கிடந்த பழைய டேப் ரிக்கார்டரில் போடுவதையும் தவிர்க்க வேண்டும், அதன் பெல்ட் உருகித் தார்போலாகியிருக்கும். நல்ல கேசட் டெக் ஒன்றில் ஓடவிட்டு, இன்றைய கணினி ஒன்றில் சுருக்காத ஒலிக்கோப்பாகப் பதிவு செய்யுங்கள், எம்பி3 வேண்டாம். முதலில் ஒரே சீரான நீண்ட கீச்சொலியும் அதன்பின் கரகரப்பும் கேட்டால் தரவு உயிரோடு இருக்கிறது என்று பொருள். அந்நாளில் நிரல் ஏறும்போது திரையின் ஓரத்தில் சிவப்பும் வெளிர்நீலமுமாக நகர்ந்த பட்டைகள் நீலமும் மஞ்சளுமாக மாறுமே, அந்த இடம்தான். கரகரப்பு மங்கலாகக் கேட்டால் டெக்கின் ஒலித்தலைக்கு அருகில் உள்ள சிறு திருகைச் சற்றே திருப்பி, ஒலி மிகத் தெளிவாகும் இடத்தில் நிறுத்துங்கள். அந்தக் கோப்பிலிருந்து நிரலைப் பிரித்தெடுக்கும் இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. நினைவகம் முழுவதையும் ஏற்றவே ஏறக்குறைய ஐந்து நிமிடம்தான் பிடிக்கும், கணக்கு நிரல் அதில் சிறு பகுதியாகவே இருக்கும்.

தாழம்பூ எழுதியது:

படகைக் குழந்தையிடம் கொடுக்கலாம், ஆனால் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது, தொட்டியில் விட்டுப் பார்ப்பதற்கு மட்டும். அக்காலத்துத் தகரப் பொம்மைகளின் வண்ணத்திலும் பற்றாசிலும் ஈயம் கலந்திருப்பது வழக்கம். எதையும் வாயில் வைக்கும் வயதுக் குழந்தை என்றால் வேண்டவே வேண்டாம்.

இயங்கும் முறை வேடிக்கையானது. படகின் பின்பக்கம் இரண்டு குழாய்கள் நீருக்குள் திறந்திருக்கும், அவை உள்ளே ஒரு சிறு கொதிகலத்தோடு இணைந்திருக்கும். குழாயில் நீரை நிரப்பி விளக்கை ஏற்றினால், கலத்தில் உண்டாகும் நீராவி குழாயில் உள்ள நீரைப் பின்னோக்கித் தள்ளும். நீராவி குளிர்ந்து சுருங்கியதும் நீர் மீண்டும் உள்ளே ஏறும். வெளியே போகும் நீர் ஒரே திசையில் பீச்சியடிக்கிறது, உள்ளே வரும் நீரோ எல்லாப் பக்கத்திலிருந்தும் உறிஞ்சப்படுகிறது என்பதால் படகு முன்னால் மட்டுமே போகும். கலத்தின் மேலுள்ள மெல்லிய தகடு புடைத்து அமுங்குவதுதான் அந்த டபடப. இதற்கு 1891-இலேயே இலண்டனில் தாமஸ் பியோ என்பவர் காப்புரிமை பெற்றிருக்கிறார். விளையாடி முடித்ததும் ஒரு குழாய் வழியாக ஊதி, மற்றதன் வழியாக நீர் முழுவதையும் வெளியேற்றி உலர்த்திவிடுங்கள், இல்லாவிட்டால் கலம் உள்ளிருந்து துருப்பிடித்துத் துளைபட்டுவிடும்.

ஸ்கூட்டர் விஷயத்தில் எனக்கு உங்கள் அண்ணன் மீது கொஞ்சம் பரிவு உண்டு. அவர் அப்பாவின் வண்டியில் நடுவில் அமர்ந்து சாலையே தெரியாமல் போனவர், இப்போதாவது ஓட்டிப் பார்க்க நினைக்கிறார்!

சாலைவழி எழுதியது:

ஓட்டுவதென்றால் முதலில் ஆர்.சி. புத்தகத்தைத் தேடி எடுங்கள். தனியார் வாகனத்தின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும், அதன்பின் தகுதிப் பரிசோதனைக்கு வண்டியைக் காட்டி ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். இதற்கான மத்திய அரசுக் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் இருசக்கர வாகனத்துக்கு 300 ரூபாயிலிருந்து 1,000 ரூபாயாக உயர்ந்தது, 20 ஆண்டு கடந்த இருசக்கர வாகனத்துக்கு 2025 ஆகஸ்டில் 2,000 ரூபாயானது. பசுமை வரியும் தாமதக் கட்டணமும் தனி. ஆர்.சி. இன்னும் தந்தையார் பெயரில்தான் இருக்கும் என்பதால், அவர் காலமாகியிருந்தால் படிவம் 31 கொடுத்து வாரிசு ஒருவர் பெயருக்கு மாற்ற வேண்டும், மற்ற வாரிசுகளின் சம்மதமும் தேவைப்படும். பழங்கால வாகனம் என்று பதிந்தால் எளிதாக முடியும் எனச் சிலர் சொல்வார்கள். 2021-இல் வந்த அந்த விதி 50 ஆண்டு கடந்த வண்டிகளுக்கு மட்டுமே பொருந்தும், அதில் பதிந்த வண்டியை அன்றாடம் சாலையில் ஓட்டவும் முடியாது.

உறையூரான் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. அப்பா காலமாகி ஓராண்டாகிறது, ஆர்.சி. அவர் பெயரில்தான் இருக்கிறது, அண்ணன் பெயருக்கு மாற்ற நான் கையெழுத்திடுகிறேன் என்று சொல்லிவிட்டேன். தளத்தின் அடியில் திருப்புளியால் குத்திப் பார்த்ததில் பிரேக் மிதிக்குக் கீழே மட்டும் ஓரிடத்தில் தகடு உள்வாங்கியது. அதை மட்டும் வெட்டிப் பற்றவைப்பது, மேல்வண்ணத்தை விட்டுவிடுவது, டிக்கி மூடி என்னிடம் இருப்பது என்று உடன்பாடாகியிருக்கிறது. எட்டுபிட் அவர்களுக்கு: பக்கத்து வீட்டில் இருந்த வண்ணத் தொலைக்காட்சியில் யு.எச்.எஃப். இருந்தது, அவர்கள் சாப்பிடும் நேரம் மட்டும் எங்களுக்குக் கிடைக்கும். கேசட் வேலையை இந்த வாரமே தொடங்குகிறேன்.

பழையவண்டி அவர்களிடம் இன்னும் ஒரு கேள்வி. அப்பா காலையில் வண்டியை ஒருபக்கமாகச் சாய்த்துப் பிடித்து, பிறகு நிமிர்த்தித்தான் உதைப்பார். அதற்கு உண்மையிலேயே பயன் இருந்ததா?

பழையவண்டி எழுதியது:

இருந்தது. சில நாள் நின்ற வண்டியின் கார்புரேட்டர்க் கிண்ணத்தில் பெட்ரோல் ஆவியாகிக் குறைந்திருக்கும். பெட்ரோல் திருகைத் திறந்து வண்டியைச் சாய்த்தால் உள்ளே உள்ள மிதவை தன் நிலையிலிருந்து விலகி, வழக்கத்தைவிடக் கூடுதலான பெட்ரோலை இறங்க விடும். அதில் கொஞ்சம் வழிந்து காற்றுப் பாதைக்குள் போவதால் கலவை கெட்டியாகிச் சீக்கிரம் பற்றிக்கொள்ளும். சீட்டுக்குக் கீழே இருந்த சோக் செய்ய வேண்டிய வேலைதான் இது. சோக் கம்பி இறுகிப்போன வண்டிகளில் சாய்ப்பதே சோக்காகிவிட்டது.

கார்புரேட்டரைக் கழுவி, சோக் கம்பியையும் புதிதாகப் போட்டுவிட்டால் அண்ணன் சாய்க்க வேண்டியதில்லை. பழக்கத்தில் சாய்த்தே தீருவேன் என்றால் நெடுநேரம் பிடிக்க வேண்டாம், பிளக் நனைந்துவிடும். இப்போதைய பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது, அது ஈரத்தை இழுக்கும் தன்மையுள்ளது. வாரக்கணக்கில் ஓட்டாமல் நிறுத்துவதானால் திருகை மூடிவிட்டு, கிண்ணத்தில் உள்ளது தீரும்வரை எஞ்சினை ஓடவிட்டு அணையுங்கள்.