மறு: எம்ப்ளாயி ரிசோர்ஸ் குரூப் – தமிழில் என்ன சொல்லலாம்?

நண்பர்களுக்கு வணக்கம். ஒரே நிறுவனத்தில் பெண்கள், மாற்றுத்திறனாளிகள் என்று ஒத்த நிலையில் இருப்பவர்கள் ஒருவருக்கொருவர் உதவக் கூடும் குழுதான் எம்ப்ளாயி ரிசோர்ஸ் குரூப். விக்சனரி என்ற இணைய அகராதியில் ஏற்ற, அதற்கொரு தமிழ்ச்சொல் தேடுகிறோம். வந்த யோசனைகளுக்கு என் பதில்:

> ‘பணியாளர் வளக்குழு’ என்றே வைத்துவிடலாம். சொல்லுக்குச் சொல் சரியாக இருக்கிறது.

ஐயா, சொல்லுக்குச் சொல் சரிதான். ஆனால் வீட்டில் இதைச் சொன்னதும், பள்ளி ஆசிரியையான என் மனைவி, "வட்டார வளமையத்துல மறுபடியும் பயிற்சியா?" என்று கேட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. அலுவலகத்தில் இருப்பவர்களுக்கோ வளம் என்றாலே மனிதவளத் துறைதான். வளக்குழு அந்தத் துறையின் இன்னொரு கிளை என்றுதான் நினைப்பார்கள். நீர்வளம், கனிமவளம், மீன்வளம் என்று வளம் எல்லாமே யாரோ எடுத்துக்கொள்வதற்காக இருப்பது. இந்தக் குழுக்கள் அதற்காகவா தொடங்கின?

ஆங்கிலத்திலும் இது முதலில் வைத்த பெயரில்லை. 1964 ஜூலையில் நியூயார்க் மாநிலத்தின் ராச்சஸ்டர் நகரில் கறுப்பின மக்களின் கொந்தளிப்பு வெடித்தது. சிராக்ஸ் நிறுவனம் வளர்ந்த ஊர் அது. அதன் பிறகு அந்த நிறுவனம் கறுப்பினத்தவரைக் கூடுதலாக வேலைக்கு எடுத்தது. வேலை கிடைத்தது, ஆனால் வருமானம் குறைந்த விற்பனைப் பகுதிகளையே தங்கள் தலையில் கட்டுகிறார்கள் என்ற குமுறலும் கூடவே வந்தது. 1970 வாக்கில் அவர்கள் தாமாகவே கூடத் தொடங்கினார்கள். விற்பனை நுணுக்கங்களை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்தார்கள், நிர்வாகத்திடம் போய்க் கேள்வியும் கேட்டார்கள். அந்தக் கூட்டுக்குப் பெயர் ‘காகஸ்’, கட்சிக்குள் ஒரே நோக்கத்தோடு கூடும் அணியைச் சொல்லும் சொல். அதில் அரசியல் வாடை உண்டு, அவர்கள் அதை மறைக்கவுமில்லை. 2009இல் அதே நிறுவனத்துக்கு அர்சுலா பர்ன்ஸ் தலைமைச் செயல் அதிகாரியானார். அமெரிக்காவின் பெரிய நிறுவனங்களைக் கொண்ட ஃபார்ச்சூன் 500 பட்டியலில் உள்ள நிறுவனமொன்றுக்குத் தலைமையேற்ற முதல் கறுப்பினப் பெண் அவர். எல்லாம் அந்தக் கூட்டால்தான் என்று சொல்லமாட்டேன். ஆனால் முதலில் நுழைந்தவர்கள் ஓடிப்போகாமல் இருந்ததில் அதற்குப் பங்கு உண்டு.

அப்புறம் பெயர் மாறியது. அஃபினிட்டி (ஒத்தவர்களின் நெருக்கம்) குரூப், நெட்வொர்க், ரிசோர்ஸ் குரூப். இப்போது சில இடங்களில் பிசினஸ் ரிசோர்ஸ் குரூப். மாறிய ஒவ்வொரு பெயரிலும் கேள்வி கேட்கும் குரல் கொஞ்சம் தேய்ந்திருப்பதாக எனக்குப் படுகிறது.

சென்னையில் நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் நடந்ததைச் சொல்கிறேன். காது கேளாத நண்பர் ஒருவர் எங்கள் அணியில் இருந்தார். கூட்டம் முடிந்ததும் யாராவது நான்கு வரியில் சுருக்கம் எழுதித் தருவோம், அவ்வளவுதான். ஒரு மணி நேரம் எல்லோரும் சிரித்துப் பேசியது அவருக்கு நான்கு வரி. வேறு தளங்களில் இருந்த மாற்றுத்திறனாளிகள் ஆறு பேருடன் சேர்ந்து, மதிய உணவு வேளையில் அவர் ஒரு குழு தொடங்கினார். தனியாக இரண்டு வருடம் கேட்டும் கிடைக்காத நேரடி எழுத்துவரி (பேசப் பேசத் திரையில் ஓடுவது), ஏழு பேராகக் கேட்டதும் மூன்றே மாதத்தில் வந்தது. வந்த முதல் கூட்டத்தில் அவர் ஒரு கடி ஜோக் அடித்தார். அதுவரை அவர் ஜோக் அடிப்பார் என்றே எங்களுக்குத் தெரியாது.

மறு வருடம் நிர்வாகம் அந்தக் குழுவுக்குப் பட்ஜெட் ஒதுக்கியது. கூடவே லோகோ, டி-சர்ட், டிசம்பர் 3, மாற்றுத்திறனாளிகள் தினத்தன்று கேக். சாய்தளப் பாதை கேட்டு எழுதிய கடிதம் மட்டும் அப்படியே கிடந்தது. என் கணக்கில், முதல் வருடம் அது உறுப்பினருக்கு உதவிய குழு, இரண்டாம் வருடம்தான் ‘வளக்குழு’.

> ‘ஊழியர் சங்கம்’ போதாதா?

போதாது, குழப்பும். சங்கம் என்றால் நமக்குத் தொழிற்சங்கம். அமெரிக்காவின் 1935ஆம் ஆண்டுத் தொழிலுறவுச் சட்டம், நிர்வாகமே பணமும் ஆதரவும் கொடுத்துத் தொழிலாளர் அமைப்பு நடத்துவதைத் தடுக்கிறது. அதனால்தான் இந்தக் குழுக்கள் சம்பளப் பேச்சுவார்த்தைப் பக்கமே போவதில்லை.

அஃபினிட்டி என்பதைப் பிடித்துக்கொண்டு ‘சுற்றம்’, ‘கிளை’, ‘சமூகம்’ என்று போகலாமென்றால், அங்கே சாதி உட்கார்ந்திருக்கிறது. "அவர் எந்தச் சமூகம்?" என்று நம்மூரில் எதற்குக் கேட்கிறார்கள் என்பது உங்களுக்கே தெரியும். ‘பேரவை’யும் அப்படியே. இதெல்லாம் ஒட்டாத சொல்லாகத் தேடி ‘வட்டம்’ வந்தேன். வாசகர் வட்டம் போல. என் பரிந்துரை: ஊழியர் துணைவட்டம்.

இன்னொன்று. பிலாங்கிங் (இது நம் இடம் என்ற உணர்வு) என்பதற்குச் ‘சார்புணர்வு’ என்று ஒருவர் எழுதியிருந்தார். சார்பு என்றால் பிறரை நம்பியிருப்பது போலத் தொனிக்கிறது. நாம் சாதாரணமாகவே "அந்த ஆபீஸ்ல மனசு ஒட்டல" என்கிறோம். ‘ஒட்டுறவு’ என்ற சொல் கைவசம் இருக்க, ஏன் புதிதாகச் செய்ய வேண்டும்?

தாம்பரத்திலிருந்து,
அன்புடன்

———

தாம்பரத்து நண்பருக்கு,

நான் வட்டாட்சியர் அலுவலகத்தில் முப்பது வருடம் கழித்தவன். துணை வட்டாட்சியர் தெரியும், துணைவட்டம் என்றால் புதிதாக ஒரு தாலுகா பிரித்துவிட்டார்களோ என்று தோன்றுகிறது. ‘ஒன்றியம்’ என்று சொல்லலாமென்றால் இலங்கையில் மாணவர் ஒன்றியம் என்று சரளமாக ஓடும், இங்கே பிடிஓ ஆபீஸ் நினைவுக்கு வரும். வெறும் ‘குழு’ போதுமே. 1989இல் தருமபுரியில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் தொடங்கிய பிறகு, கிராமத்தில் "குழுவுக்குப் போறேன்" என்றால் யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை.

ஒட்டுறவும் யோசிக்க வேண்டியது. குறளின் ‘உலகத்தோடு ஒட்ட ஒழுகல்’ ஊரோடு ஒத்துப்போகச் சொல்கிறது. உங்கள் நண்பர் ஒத்துப்போனதால் கூட்டத்தில் பேசவில்லையே, கூட்டம் அவருக்காக மாறியதால்தானே பேசினார்?

அப்புறம், ‘துணை’ என்று அழகுபடுத்துகிறீர்கள். எந்தக் குழு இருக்கலாம் என்று தீர்மானிப்பதே நிறுவனம்தான். அமெரிக்கக் கார் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸில் கிறித்தவ ஊழியர் குழுவுக்கு அனுமதி மறுத்தார்கள், எந்த மதத்துக்கும் குழு கிடையாது என்பது அவர்களுடைய அப்போதைய விதி. 2005இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் நிறுவனத்தின் பக்கமே தீர்ப்பளித்தது.

— கோவையிலிருந்து

———

கோவை ஐயாவுக்கு,

தாலுகா விஷயத்தில் தோற்றேன். ‘துணைக்குழு’ என்று சுருக்கினால் சப்-கமிட்டி ஆகிவிடும். இரண்டு எழுத்துக் கூட்டி ‘உறுதுணைக் குழு’ என்றால்? ஊழியர் உறுதுணைக் குழு. யாருக்கு யார் துணை என்பது விளங்கும். அனுமதி கொடுப்பது நிறுவனம்தான், மறுக்கவில்லை. ஆனால் வாடகை வீட்டுக்கும் குடியிருப்பவர்தானே பெயர் வைக்கிறார்.

ஒட்டுறவுக்கு உங்கள் கேள்வி நியாயமானது. ஒட்ட ஒழுகல் ஒரு பக்கம் மட்டும் வளைவது. ஒட்டுறவில் உறவும் இருக்கிறது, அது இரண்டு பக்கமும் வேண்டும். அதனால் அதை இன்னும் கைவிடவில்லை, வேறு யாராவது சொல்லட்டும்.

2022இல் சென்னை உயர்நீதிமன்ற வழக்கொன்றை ஒட்டி, பாலினச் சிறுபான்மையினரைக் குறிக்கும் சொற்களைத் தமிழ்நாடு அரசு அரசிதழில் வெளியிட்டதே, அதற்கு முன் அந்த மக்களிடமும் கருத்துக் கேட்டார்கள். அந்த நினைப்பில் நானும் என் பழைய நண்பருக்கு ‘உறுதுணைக் குழு’வை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். பதில்: "பேர் நல்லாருக்கு. மொதல்ல சாய்தளம் வரட்டும், அப்புறம் வச்சுக்கறோம். இப்போதைக்கு நாங்க கேக் கமிட்டி."

விக்சனரியில் ஏற்றுவதை அடுத்த வாரம் வரை தள்ளிவைக்கிறேன்.